618 யூனிட்

2023 ஏப்ரல் கடைசியில் கரண்டு ரீடிங் எடுக்க வந்தவர் வெள்ளை அட்டையில் எழுதிவிட்டுப் போன எண் 618. தொகை 2,912 ரூபாய். முந்தின வருஷம் இதே கோடையில், இதே ஏ.சி. ஓடியும், எங்கள் வீடு 490ஐத் தாண்டியதில்லை. அட்டையை போட்டோ எடுத்து மஸ்கட்டில் இருக்கிற என் வீட்டுக்காரருக்கு அனுப்பினேன். அடுத்த நிமிஷமே போன் வந்தது. "ராத்திரி பூரா ஏ.சி. போட்டுட்டு உறங்கினா வராம என்ன செய்யும்?" மாமி (என் மாமியார்) பக்கத்தில் இருந்து, "நான் அப்பவே சொன்னேன், கேட்டியா?" என்றார்கள். ஏ.சி.தான் குற்றவாளி என்று விசாரணை இல்லாமலே தீர்ப்பாகிவிட்டது.

எனக்கு அது சரியாகப் படவில்லை. ஏ.சி. போன வருஷமும் இருந்ததே. பின்னே இந்த 128 யூனிட் எங்கிருந்து வந்தது?

நான் பிறந்து வளர்ந்தது ஆரல்வாய்மொழி. பள்ளிக்கூடம் படிக்கிற காலத்தில் முப்பந்தல் பக்கம் காற்றாலைகள் ஒவ்வொன்றாக முளைத்து வருவதைப் பஸ்ஸில் இருந்து எண்ணிக்கொண்டே போயிருக்கிறேன். ஆனி, ஆடி மாதங்களில் அங்கே கணவாய்க் காற்று கதவைத் திறக்க விடாது. பேன் என்பது விருந்தாளிக்குப் போடுகிற பொருள். கல்யாணமாகி வந்தது தக்கலைப் பக்கம். ஒரே மாவட்டம்தான், ஆனால் வேறு உலகம். இங்கே தென்னை, ரப்பர், ஈரம், புழுக்கம். கிணறும் ஓட்டு வீடுமாக இருந்த இடத்தில், வெளிநாட்டுப் பணத்தில் பின்னால் ஒரு கான்கிரீட் மாடி எழுந்திருக்கிறது. நாங்கள் நாலு பேர்: நான், மாமி, பிளஸ் டூ படிக்கிற மகள், எட்டாம் வகுப்பு மகன்.

முதலில் அந்தத் தொகை எப்படி அவ்வளவு ஆயிற்று என்று பார்த்தேன். 2022 செப்டம்பரில் வந்த கட்டணப்படி, இரண்டு மாதத்துக்கு 500 யூனிட்டுக்குள் நின்றால் முதல் நூறு இலவசம், அடுத்த நூறு யூனிட் இரண்டே கால் ரூபாய், 400 வரை நாலரை, 500 வரை ஆறு. சரியாக 500 என்றால் 1,725 ரூபாய். ஒரே ஒரு யூனிட் தாண்டி 501 ஆனால் அந்த இரண்டேகால் ரூபாய்ச் சலுகை போய்விடும், நூறுக்கு மேலே எல்லாமே நாலரையில் தொடங்கும். தாண்டிய யூனிட்டுக்கு எட்டு ரூபாய், 600க்கு மேல் ஒன்பது. ஆக 501வது யூனிட்டின் விலை எட்டு ரூபாய் இல்லை, 233 ரூபாய். 2024 ஜூலையில் விலைகள் கொஞ்சம் ஏறின, அந்த 500 என்கிற கோடு மட்டும் அப்போதும் அப்படியே நின்றது. கோட்டுக்கு அந்தப் பக்கம் ஒரு கால் வைத்திருக்கிற வீடுகளுக்கு நூறு யூனிட் குறைப்பதன் லாபம் மற்ற வீடுகளைவிட ரொம்பப் பெரிது.

கணக்குப் புரிந்த மறு வாரமே நான் செய்த காரியத்தைச் சொல்ல வெட்கமாக இருக்கிறது. ஒரு கண்காட்சியில் "கரண்டு சேவர்" என்று ஒரு சின்னப் பெட்டி விற்றார்கள். பிளக்கில் சொருகினால் போதும், முப்பது சதவீதம் குறையும் என்றார் விற்கிறவர். கையில் ஒரு மீட்டர் வைத்துக்கொண்டு ஆம்பியர் இறங்குவதைக் காட்டவும் செய்தார். வாங்கி வந்து சொருகினேன். பச்சை விளக்கு அழகாக எரிந்தது, அவ்வளவுதான். மகள் ஸ்குரூடிரைவரால் திறந்து பார்த்தாள்: உள்ளே ஒரு கெபாசிட்டர், ஒரு குட்டி எல்.இ.டி. மோட்டர் போன்றவை இழுக்கிற ஆம்பியரைக் கெபாசிட்டர் கொஞ்சம் குறைத்துக் காட்டும், உண்மைதான். ஆனால் வீட்டு மீட்டர் எண்ணுவது ஆம்பியரை இல்லை, செலவான யூனிட்டை. அதில் ஒரு பைசா குறையாது. அந்தப் பச்சை விளக்குக்கும் சேர்த்து நாம்தான் கட்ட வேண்டும்.

அப்போதுதான் மகள் சொன்னாள், "அம்மா, பொருள் வாங்கறதுக்கு முன்னாடி மீட்டரைப் பாப்போம்."

எங்கள் மீட்டரில் ஒரு சிவப்புப் பொட்டு மினுக்கிக்கொண்டே இருக்கும். அத்தனை வருஷமும் அது சும்மா மினுக்குகிறது என்றுதான் நினைத்திருந்தேன். முகப்பில் பொடி எழுத்தில், ஒரு யூனிட்டுக்கு 3200 துடிப்பு என்று பொறித்திருக்கிறது. 3200 தடவை மினுக்கினால் ஒரு யூனிட். (சில மீட்டர்களில் 1600 இருக்கும், பார்த்துக்கொள்ள வேண்டும்.) அப்படியானால் இரண்டு மினுக்கலுக்கு இடையே எத்தனை நொடி என்று எண்ணினாலே அந்த நேரத்தில் வீடு எத்தனை வாட் இழுக்கிறது என்று தெரிந்துவிடும். ஒரு யூனிட் என்றால் ஆயிரம் வாட் ஒரு மணி நேரம், அதாவது 3600 நொடி, ஓடுவது. 3600ஐ 3200ஆல் வகுத்து, ஆயிரத்தால் பெருக்கினால் 1125. அதை நொடியால் வகுக்க வேண்டியதுதான்.

ஒரு ஞாயிற்றுக்கிழமை சாயங்காலம் எல்லா விளக்கும் பேனும் அணைத்தோம், பிரிட்ஜ் பிளக்கைப் பிடுங்கினோம். மாமி உம்மறத்தில் விசிறியோடு உட்கார்ந்து, "இது என்ன விளையாட்டாக்கும்?" என்று கேட்டுக்கொண்டே இருந்தார்கள். மகன் போனில் நொடி பார்த்தான். பன்னிரண்டு நொடிக்கு ஒரு மினுக்கல். 1125ஐ 12ஆல் வகுத்தால் 94 வாட். ஒன்றுமே ஓடாத வீடு 94 வாட் தின்றுகொண்டிருந்தது. 24 மணி நேரம், 60 நாள்: 135 யூனிட். ஆளில்லாமல் பூட்டிப் போட்டாலும் இலவச நூறைத் தின்று தீர்த்துவிட்டுக் கூடவும் கேட்கும்.

ஒவ்வொன்றாகப் பிடுங்க ஆரம்பித்தோம். செட்டாப் பாக்ஸ், டி.வி., வைஃபை மூன்றும் போனதும் பதினாறு நொடி ஆயிற்று. ரிமோட்டில் அணைத்த டி.வி.யும் செட்டாப் பாக்ஸும் உண்மையில் அணைவதில்லை என்பதை அன்று கண்ணால் பார்த்தேன். செட்டாப் பாக்ஸ் தொட்டால் எப்போதும் வெதுவெதுப்பாக இருக்குமே, அந்தச் சூடுதான் நம்முடைய காசு. போன் சார்ஜர்களைப் பிடுங்கியபோது ஒரு மாற்றமும் இல்லை. சும்மா சொருகி வைத்த சார்ஜர் இழுப்பது கணக்கில் வராத அளவுதான். அதற்காகப் பிள்ளைகளிடம் நான் போட்ட சண்டையெல்லாம் வீண். கண்காணிப்புக் கேமராப் பெட்டி 20 வாட் சொச்சம், அது வேண்டும், விட்டுவிட்டோம். மிச்சம் ஐம்பது வாட் சில்லறை. அது எங்கே என்று தெரியவில்லை.

இந்த இடத்தில் ஒன்று சொல்லிவிடுகிறேன். எல்லாவற்றையும் பிடுங்கிய பிறகும் மீட்டர் மினுக்கினால் வயரிங்கில் எங்கோ ஒழுகுகிறது என்றும் இருக்கலாம். எங்கள் ஊர் மழைக்குப் பழைய சுவரெல்லாம் ஊறிக் கிடக்கும். அப்படியென்றால் பில்லை மறந்துவிட்டு அன்றைக்கே வயர்மேனைக் கூப்பிட வேண்டும். நானும் அந்தப் பயத்தில்தான் கூப்பிட்டேன்.

வந்த தம்பி நேராக இன்வெர்ட்டர் முன்னால் போய் நின்றான். 2017 நவம்பர் 30ஆம் தேதி ஒக்கி புயல் அடித்து, கம்பங்களெல்லாம் சாய்ந்து, பல நாள் இருட்டில் கிடந்த பிறகு வாங்கிய இன்வெர்ட்டர் அது. கரண்டு அதற்குள் போகாமல் நேராக வீட்டுக்குப் போகும்படி பைபாஸில் போட்டுவிட்டு மீட்டரைப் பார்க்கச் சொன்னான். மினுக்கல் ஐம்பது நொடிக்கு ஒன்றாக இறங்கிவிட்டது. பேட்டரி மேல் கையை வைத்தவன், "அக்கா, இது கொதிக்குது. வெள்ளம் ஊத்துனீங்களா?" என்று கேட்டான். ஊற்றியிருந்தேன். ஒரு தடவை டிஸ்டில்டு வாட்டர் கிடைக்காமல், கிணற்று வெள்ளம் சுத்தமாகத்தானே இருக்கிறது என்று துணியில் வடிகட்டி ஊற்றினேன். குடிக்கச் சுத்தமான தண்ணீரிலும் உப்புகள் உண்டு, அவை பேட்டரித் தகடுகளைக் கெடுத்துவிடும். கெட்ட பேட்டரி நிறையவே நிறையாது. நிறையாததால் இன்வெர்ட்டர் ராவும் பகலும் ஏற்றிக்கொண்டே இருக்கும். ஏற்றுவதெல்லாம் சூடாகப் போகும். கரண்டு போனால் பதினைந்து நிமிஷத்தில் பேன் நிற்பது ஏன் என்றும் அன்றுதான் புரிந்தது. அந்தப் பேட்டரி ஆறு மாதமாக என்னிடம் சொல்லிக்கொண்டே இருந்திருக்கிறது.

ஆனால் பேட்டரியைக் கண்டுபிடித்த பெருமை தம்பிக்கு என்றால், மோட்டரைக் கண்டுபிடித்த பெருமை மாமிக்கு. அவர்கள் அறை கிணற்றடிப் பக்கம். நாங்கள் மினுக்கல் எண்ணிக்கொண்டிருந்ததைப் பார்த்துவிட்டு, மறுநாள் காலையில், "பிள்ளே, மோட்டர் இப்பல்லாம் எம்பிடு நேரம் ஓடுகு தெரியுமா? முன்னெல்லாம் நான் ஜெபமாலை சொல்லி முடிக்கதுக்குள்ள டேங்க் நெறஞ்சு ஒழுகும். இப்ப ரெண்டு சொல்லலாம்" என்றார்கள். நான் நேரம் பார்த்தேன். ஆயிரம் லிட்டர் டேங்க் நிறைய எண்பது நிமிஷம். வாங்கின புதிதில் அது நாற்பது நிமிஷ வேலை. ஒரு எச்.பி. மோட்டர் மணிக்கு ஏறக்குறைய ஒரு யூனிட் எடுக்கும். தினம் நாற்பது நிமிஷம் வீண் என்றால் இரண்டு மாதத்தில் நாற்பது யூனிட். பாதித் தண்ணீர் இறைப்பதற்கு முழுக் கரண்டு.

தம்பி ஒரு பிளம்பரைக் கூட்டி வந்தான். அவர் கிணற்றை எட்டிப் பார்த்து, கயிற்றில் கல் கட்டி இறக்கி அளந்தார். மோட்டர் இருந்த இடத்தில் இருந்து வெள்ளம் 21 அடி ஆழத்தில் கிடந்தது. "கோடையில இது இழுக்காதும்மா" என்றார். மோட்டர் தண்ணீரை இழுக்கிறது என்று நாம் சொன்னாலும் நடப்பது வேறு: அது குழாய்க்குள் அழுத்தத்தைக் குறைக்கத்தான் செய்கிறது, கிணற்றுத் தண்ணீர் மேல் அழுத்துகிற வெளிக்காற்றுதான் தண்ணீரைக் குழாய்க்குள் தள்ளி ஏற்றுகிறது. காற்றால் அப்படித் தள்ள முடிவது கணக்குப்படி பத்து மீட்டர், நடைமுறையில் ஏழு மீட்டர், அதாவது 23 அடி. அந்த எல்லைக்குப் பக்கத்தில் போகப் போக மோட்டர் மூச்சுத் திணறும். எச்.பி. கூடின மோட்டர் வாங்கினாலும் இது மாறாது. கடைக்காரர்கள் ஒன்றரை எச்.பி. என்றுதான் ஆரம்பிப்பார்கள். மேலே தள்ளுவதற்குத்தான் எச்.பி. உதவும், கீழிருந்து எடுப்பதற்கு இல்லை.

கிணற்றுக்குள் எட்டடி கீழே குறுக்காக இரும்புச் சட்டம் வைத்து மோட்டரை அதில் இறக்கினார்கள். குழாயின் அடியில் வெள்ளம் திரும்ப விழாமல் தடுக்கிற புட் வால்வைக் கழற்றி மேலே கொண்டுவந்தபோது வாயில் ஒரு மாவிலைக் காம்பு சிக்கியிருந்தது. மூடி முழுக்க மூடாமல், மோட்டர் நின்றதும் குழாயில் இருக்கிற வெள்ளம் எல்லாம் திரும்பக் கிணற்றில் விழுந்திருக்கிறது. தினம் காலையில் பக்கெட்டில் மொண்டு குழாயில் ஊற்றித்தான் மோட்டரை எழுப்புவோம், பழைய மோட்டர் என்றால் அப்படித்தான் என்று நினைத்துக்கொண்டு. புது வால்வு, வலை போட்ட மூடி, கிணற்றில் இருந்து மோட்டருக்கு வருகிற சக்ஷன் குழாய் ஜாயின்டுகளுக்குப் புது ஒட்டு. மறுநாள் டேங்க் நாற்பத்தொரு நிமிஷத்தில் நிறைந்தது. ஆன செலவு, அந்தக் கரண்டு சேவர் பெட்டியைவிடக் கொஞ்சம்தான் கூட.

மோட்டரை இறக்கியதில் ஒரு வினை இருந்தது, அதை அப்போது யோசிக்கவில்லை. எங்கள் மாவட்டத்தில் தென்மேற்கு, வடகிழக்கு இரண்டு பருவ மழையும் பெய்யும். 2023 டிசம்பர் 17, 18 தேதிகளில் தென்மாவட்டங்களைப் புரட்டிப் போட்ட மழையில் கிணறு ஏறிக்கொண்டே வந்து இரும்புச் சட்டத்துக்கு ஒரு சாண் கீழே நின்றது. மெயினை அணைத்துவிட்டு, டார்ச் வெளிச்சத்தில் பக்கத்து வீட்டு அண்ணனும் அவர் மகனும் கப்பியில் மோட்டரை மேலே தூக்கினார்கள். இப்போது ஐப்பசி பிறந்தால் மேலே, மாசியில் கீழே என்று வழக்கமாக்கிவிட்டோம்.

பேன் விஷயத்தில் நான் கொஞ்சம் கஞ்சத்தனமாக நடந்தேன், அது சரியாகவே அமைந்தது. பழைய பேன் 75 வாட். பி.எல்.டி.சி. என்கிற, குறைந்த கரண்டில் ஓடும் புது வகைப் பேன் 30 வாட் போல. நாலையும் மாற்றச் சொன்னார்கள். நான் மாமி அறையில் மட்டும் மாற்றினேன், ஏனென்றால் அது ஒரு நாளில் பதினெட்டு மணி நேரம் சுற்றுகிறது. அந்த ஒன்றிலேயே இரண்டு மாதத்துக்கு ஏறக்குறைய 49 யூனிட் மிச்சம். முன்னறைப் பேன் யாராவது வந்தால்தான் சுற்றும், அதை மாற்றினால் போட்ட காசு என் பேரப்பிள்ளை காலத்தில்தான் திரும்பும். ஒரு குறை: பேன் ரிமோட்டை மாமி மாதத்துக்கு ஒரு முறை தலையணை உறைக்குள் தொலைத்துவிடுவார்கள்.

பிரிட்ஜ் 2009இல் வாங்கியது. கதவிடுக்கில் பத்து ரூபாய் நோட்டை வைத்து மூடி இழுத்தேன், மேலே பிடித்தது, கீழ் மூலையில் வழுக்கிக்கொண்டு வந்தது. கதவு ரப்பரை மாற்றி, சுவரில் இருந்து ஒரு சாண் தள்ளி வைத்து, குளச்சல் மீன் வாங்குகிற அன்று ஐஸை உருக்கிவிட்டு அடுக்குகிறேன். மாற்ற வேண்டிய பிரிட்ஜ்தான், மகள் படிப்பு முடியட்டும் என்றிருக்கிறேன். அப்போது வாங்குகையில் நட்சத்திரத்தை மட்டும் பார்க்கப்போவதில்லை. ஸ்டிக்கரில் வருஷத்துக்கு எத்தனை யூனிட் என்று போட்டிருப்பதையும், அது எந்த வருஷத்து ஸ்டிக்கர் என்பதையும்தான் பார்ப்பேன். அளவுகோலை இடையிடையே கடுமையாக்குவதால் பழைய ஐந்து நட்சத்திரமும் புது ஐந்தும் ஒன்றில்லை.

இனி ஏ.சி. அது நிரபராதி என்று சொல்லவில்லை. மேல் அறை கான்கிரீட் மொட்டை மாடிக்கு நேர் கீழே. பகல் முழுக்கக் குடித்த வெயிலை அது ராத்திரி பத்து மணிக்குத்தான் இறக்கிவைக்கும். சுவிட்சைப் போட்டதும் ஏ.சி. முதலில் குளிர்விப்பது எங்களை இல்லை, அந்தக் கூரையை. சுண்ணாம்பு அடித்துப் பார்த்தோம், இரண்டு மழையில் கரைந்து போனது. பிறகு வெள்ளை கூலிங் பெயின்ட். அடித்த முதல் கோடையில் வெறும் காலோடு மத்தியானம் மாடியில் துணி காயப்போட முடிந்தது. ஆனால் இங்கே பாசி வெள்ளையைக் கறுப்பாக்கிவிடும், ஒவ்வொரு மாசியிலும் தேய்த்துக் கழுவினால்தான் பலன். வறண்ட ஊர்க்காரர்கள் சொல்கிற அளவு நமக்குக் கிடைக்காது.

கடைசியில் பிள்ளைகளே ஒரு வழி கண்டுபிடித்தார்கள்: சித்திரையில் கீழே ஓட்டு வீட்டில் பாய் போட்டு உறங்குவது. பத்மநாபபுரம் அரண்மனை எங்களுக்குப் பக்கத்தில்தான். குமரி மாவட்டத்துக்குள் இருந்தாலும் கேரள அரசு பராமரிக்கிறது. ஏப்ரல் மத்தியானத்தில் உள்ளே நுழைந்து பாருங்கள். சரிந்த ஓடு, வெயிலை நிறுத்திக் காற்றை மட்டும் விடுகிற மரச் சட்டச் சாளரம், இடையிடையே முற்றம், காலுக்குச் சில்லென்ற கறுப்புத் தரை. அதன் ஏழைத் தங்கச்சிதான் மாமியார் வீட்டுப் பழைய ஓட்டு வீடு. அதைப் பழைய சாமான் போடுகிற இடமாக்கிவிட்டு, மேலே சூளை கட்டி அதற்குள் ஏ.சி. மாட்டியிருந்தோம். சாமான்களை ஒழித்து, மேல் சாளரங்களில் கொசு வலை அடித்தோம். ரொம்பப் புழுங்குகிற நாளில் மட்டும் மேலே போய் ஏ.சி. 26இல், கூடவே பேன்.

2023 மே-ஜூன் பில் 447 யூனிட். வீட்டுக்காரர் சந்தோஷப்பட்டார், நான் நம்பவில்லை. ஜூனில் சாரல் தொடங்கிவிட்டது, பாதிப் புண்ணியம் மழைக்கு. மார்ச்-ஏப்ரலை மார்ச்-ஏப்ரலோடு ஒப்பிட்டால்தான் நியாயம் என்று ஒரு வருஷம் காத்திருந்தேன். 2024 ஏப்ரலில் 431. தொகை 1,311. யூனிட் குறைந்தது முப்பது சதவீதம், பணம் பாதிக்கும் கீழே.

"இவ்வளவு பாடுபடுவதற்கு சோலார் போட்டிருக்கலாமே" என்று கேட்பவர்கள் உண்டு. 2024 பிப்ரவரியில் தொடங்கிய மத்திய அரசுத் திட்டத்தில் இரண்டு கிலோவாட்டுக்கு 60,000, மூன்றுக்கு 78,000 மானியம் தருகிறார்கள். நல்ல திட்டம். ஆனால் எங்கள் மாடியில் காலை பத்து மணி வரை கிழக்கு விளைத் தென்னை நிழல், மூன்று மணிக்கு மேல் பலா. ஒரு பலகையில் நிழல் விழுந்தாலும் அதோடு தொடுத்த மற்றவையும் மந்தமாகும். அதோடு 431 யூனிட்டில் நிற்கிற வீட்டுக்கு அப்போது முதல் நூறு இலவசம், அடுத்த நூறு மலிவு, சோலார் மிச்சப்படுத்துகிற யூனிட்டின் விலையே குறைவு. 800, 900 என்று ஓடுகிற வீடாக இருந்தால் நானே முதலில் போட்டிருப்பேன்.

மாமி இப்போது நாட்காட்டித் தாளில் மோட்டர் நேரம் எழுதுகிறார்கள். போட்ட நேரம், நின்ற நேரம், பென்சிலால். போன வாரம் 41, 42, 41 என்று வந்துகொண்டிருந்தது திடீரென்று 53. தாளைக் கிழித்து என் கையில் தந்து, "அந்தப் பயலைக் கூப்பிடு" என்றார்கள். கூப்பிட்டேன். "நாளைக்கு வாரேன் அக்கா" என்றான். அது மூன்று நாளைக்கு முன்னால். இன்று 58.